காரின் வாயில் நான் வைத்த வரி

கொல்லிமலைக்குப் போக வேண்டும் என்று ஆபீஸில் யாராவது சொன்னாலே எனக்கு இப்போது முதுகு வலிக்கத் தொடங்கிவிடுகிறது. அடிவாரத்து ஊர்ப் பெண் என்பதால் மலை சம்பந்தப்பட்ட எதுவானாலும் “உங்க ஊர்தானே, நீங்களே போயிட்டு வந்திடுங்க” என்று என் தலையில் கட்டிவிடுவார்கள். அடிவாரத்தில் பிறந்தவளுக்கு மட்டும் எழுபது வளைவும் வயிற்றைப் புரட்டாது என்று யார் இவர்களுக்குச் சொன்னார்களோ தெரியவில்லை. நான் சின்ன வயதிலிருந்தே பத்தாவது வளைவில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்கிறவள். நாற்பத்தாறு வயதிலும் அப்படித்தான்.

கார்களில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் வழிகாட்டும் திரை இருக்குமே, அதில் சாலைகள் எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. கோடு எவ்வளவு தடிமன், எழுத்து எவ்வளவு பெரிசு, எந்த இடத்தில் என்ன நிறம். கேட்பதற்குக் குழந்தைகள் வேலை மாதிரி இருக்கும். ஒரு பச்சைக்கு மூன்று வாரம் சண்டை போட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் ஆபீஸில் நான் இந்தச் சண்டையைப் பல வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பாதியில் எதற்காகச் சண்டை போடுகிறோம் என்பதே மறந்துபோகும். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வராது.

சாலை காலியாக இருந்தால் பச்சைக் கோடு, வண்டிகள் மெதுவாகப் போனால் ஆரஞ்சு, நின்றுவிட்டால் சிவப்பு. உலகம் முழுக்க இதுதான். சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும் கண்கள் கொண்டவர்களுக்கு இது என்னவாகத் தெரியும் என்று ஒருநாள் மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. அவர்களுக்கென்று தனியாக ஒரு திரை செய்யச் சொன்னார்கள். அப்படிப்பட்ட ஓட்டுநர் யாராவது கிடைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். ஒருவர்கூட வரவில்லை. யார் வருவார்கள்? வண்டி ஓட்டிப் பிழைப்பவன் தனக்கு நிறம் சரியாகத் தெரியாது என்று வெளியில் சொன்னால் அடுத்த நாள் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

அவரை நான் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். மலைச் சாலைகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கப் போனபோது மலைமேல் இருக்கும் செம்மேட்டில் ஒரு வாடகைக் கார் எடுத்தேன். உரிமையாளருக்கு மூன்று கார்கள் இருந்தன. அதில் ஒன்றை ஓட்டிவந்தவர் திண்ணனூர் நாட்டுக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. ஒரு நல்ல கெட்டிக்காரத்தனம் அவர் ஓட்டுவதில் இருந்தது. வளைவில் பிரேக்கை அழுத்தாமல் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துக்கொள்வார். எனக்கு அன்றைக்கு எலுமிச்சம்பழமே தேவைப்படவில்லை. என் மடியில் இரண்டு தாள்கள் இருந்தன. இரண்டிலும் ஒரே சாலைதான், ஒன்றில் பச்சைக் கோடு, இன்னொன்றில் சிவப்புக் கோடு. டீக்கடையில் நின்றபோது எட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

“ஏனுங்க மேடம், ரெண்டும் ஒரே படந்தானுங்களே, எதுக்குங்க ரெண்டு பேப்பரு?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவருக்குப் புரிந்துவிட்டது. டீயைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் கார் பக்கமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார்.

“இது நம்ம ரெண்டு பேத்துக்குள்ளயே இருக்கட்டுமுங்க. ஊட்டுக்காரிக்கு மட்டுந்தான் தெரியும். ஓனருக்குத் தெரிஞ்சா வண்டி குடுக்கமாட்டாருங்க.”

கவலைப்படாதீர்கள் என்று நான் வாக்குக் கொடுத்தேன். அன்றைக்கு மனப்பூர்வமாகத்தான் கொடுத்தேன்.

அவருக்குச் சுத்தமாகத் தெரியாது என்றில்லை. சிக்னல் விளக்கில் மேலே எரிவது எது, கீழே எரிவது எது என்று இடத்தை வைத்துச் சொல்லிவிடுவார். பழுத்த மஞ்சள், நீலம் எல்லாம் தெளிவாகத் தெரியும். சிவப்பும் பச்சையும்தான் ஒன்றுக்குள் ஒன்று போய்விடும். சட்டம் இப்போது இந்த அளவு குறைக்கு இடம் கொடுக்கிறது என்று நான் சொன்னேன். “சட்டம் செம்மேட்டுக்கு இன்னும் பஸ் ஏறலீங்க” என்று சிரித்தார்.

பதினைந்து வயது வரை அவருக்கே இது தெரியாதாம். இவர்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறார்கள். ஒரு சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்துவிட்டால் அந்தச் சரத்தைப் பறிக்க வேண்டும், சிவக்காததை விட்டுவிட வேண்டும். ஏணியில் ஏறி இவர் எல்லாவற்றையும் பறித்துப் போட்டிருக்கிறார். கூடையைப் பார்த்த அப்பா, கண்ணைப் பிடரியிலா வைத்திருக்கிறாய் என்று திட்டுவாராம். தான் கவனமில்லாதவன் என்றே இவரும் நம்பியிருக்கிறார். பிறகு மணியை நகத்தால் கிள்ளிப் பார்த்துப் பறிக்கக் கற்றுக்கொண்டார். அதற்குள் மற்றவர்கள் இரண்டு மரம் முடித்திருப்பார்கள்.

“அங்க செகப்பு தெரியலீன்னுதானுங்க ஸ்டீரிங் பக்கம் வந்தேன். இங்க வந்தா நீங்க ரோட்டுக்கே செகப்பு அடிச்சு வெச்சிருக்கறீங்க” என்றார்.

எங்கள் சோதனைக் காரை நான்கு நாள் அவர் ஓட்டினார். மேப்பு கம்பெனிச் சவாரி என்று உரிமையாளரிடம் சொல்லி லீவு வாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே, மேலேயிருந்து காரவள்ளி, பிறகு தேவனூர் நாட்டுப் பக்கம் ஒரு சுற்று, திருப்புலி நாட்டுப் பக்கம் ஒரு சுற்று. இரண்டாம் நாள் சாயங்காலம் நான் என்ன எழுதினேன் என்று எனக்கே படிக்க முடியவில்லை. மூடுபனி இறங்கி, எதிரே பஸ் ஹாரன் அடித்து, இவர் ஓரமாக ஒதுங்கி நின்று, பஸ் உரசாமல் போய், மறுபடி முதலிலிருந்து. இடுப்புக்குக் கீழே எனக்குக் கால் இருப்பதே மறந்துவிட்டது.

எங்கள் படத்தில் எல்லா வளைவும் சிவப்பாக இருந்தது. வண்டிகள் அங்கே மெதுவாகப் போவதால் எங்கள் கம்ப்யூட்டர் நெரிசல் என்று நினைத்துக்கொண்டது. “வளைவுல மெதுவாத்தானுங்க போவோணும். வேகமாப் போனாத்தான செகப்பு காட்டோணும்?” என்றார். இதை ஆபீஸில் சொல்லலாம் என்று எழுதிக்கொண்டேன். சாலையைத் துண்டு துண்டாகக் காட்டினால் மெதுவான போக்கு, ஏணிப்படி மாதிரி குறுக்குக் கோடு போட்டால் அடைப்பு என்று இரண்டு பேரும் பேசிப் பேசி ஒரு முறைக்கு வந்தோம். நான் மெல்லிய கோடாகப் போட்டிருந்ததைப் பார்த்து எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தார். வெயில் கண்ணாடியில் அடிக்கும்போது எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று அவர் சொல்லச் சொல்லத் தடிமனைக் கூட்டினேன். என் பல வருட அனுபவத்தை நான்கு நாளில் ஓரமாக வைக்க வேண்டியிருந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

இன்னொன்றும் அந்த நான்கு நாளில் நடந்தது. வழியில் யார் கை காட்டினாலும் அவர் நிறுத்தி ஏற்றிக்கொள்வார். மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு ஒருவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் அம்மா ஒருவர், கல்யாண வீட்டுக்குப் போகும் கூட்டம் ஒன்று. சோதனைக் கார், ஏற்றக்கூடாது என்று நான் முணுமுணுத்தேன். “நடந்தா ரெண்டு மணி நேரமுங்க. நம்ம பின் சீட்டு சும்மாத்தான கெடக்குது?” என்பார். ஏறுவதற்கு முன் என் பக்கம் குனிந்து, “ஆளுங்க ஏறுறாங்க, கலர் பேச்சு வேண்டாமுங்க” என்பார். நானும் நோட்டை மூடிவிடுவேன். அறிக்கை எழுதும்போது இந்தப் பயணிகளை ‘இடையூறுகள்’ என்ற தலைப்பில் போட்டேன்.

கோயம்புத்தூருக்கு வந்த பிறகு நான்கு மாதம் கூட்டங்கள். எதைச் சொன்னாலும் ஒருவர் முகத்தைச் சுளிப்பார். ஏணிப்படிக் கோடு அழகாக இல்லை என்றார்கள். எல்லோருக்கும் அது வேண்டாம், தேவைப்படுகிறவர்கள் மட்டும் திரையின் செட்டிங்ஸுக்குள் போய்ப் போட்டுக்கொள்ளட்டும் என்றார்கள். ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னும் நான்கு மாதம் ஆகியிருக்கும். கடைசிக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார், ஒரே காரை வீட்டில் வேறு யாராவது எடுத்து ஓட்டினால், இந்தக் குறுக்குக் கோட்டைப் பார்த்துக் குழம்பமாட்டார்களா என்று. நியாயமான கேள்வி. எனக்கோ எப்படியாவது கூட்டம் முடிந்தால் போதும்.

“வண்டியைக் கிளப்பும்போது குரலிலேயே சொல்லிவிடலாம்” என்றேன்.

யாரும் சொல்லச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். தமிழ்க் குரலுக்கான வரியையும் நான்தான் எழுதினேன். அதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். குருடு என்ற சொல் வரக்கூடாது, மரியாதையாக இருக்க வேண்டும், சுருக்கமாகவும் இருக்க வேண்டும். கடைசியில் இப்படி வந்தது: “நிறப்பார்வைக் குறைபாடு உள்ள ஓட்டுநருக்கான திரை இயங்குகிறது.” என்னை நானே மெச்சிக்கொண்டேன். பதிவு செய்த பெண் குரல் அட்சரம் பிசகாமல் படித்திருந்தது. என் மேஜையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்டேன். நன்றாக இருந்தது.

ஹெட்போனில் தனியாகக் கேட்டேன் என்பதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. எங்கள் ஆபீஸில் எல்லோரும் சொந்தக் காரில் தனியாக வந்து தனியாகப் போகிறவர்கள். ஓட்டுகிறவர்தான் காருக்குச் சொந்தக்காரர், காருக்குள் அவர் மட்டும்தான் இருக்கிறார் என்று நாங்கள் யாரும் பேசி முடிவு செய்யவில்லை. அது எங்களுக்குத் தெரியாமலேயே எல்லாத் திரையிலும் இருந்தது. அந்த நான்கு நாளும் முழங்கால் இடிக்க இடிக்க ஆட்களோடு உட்கார்ந்து வந்தவள் நான். எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

புதிய திரை எல்லாக் கார்களுக்கும் போய்ச் சேர்ந்த வாரம் அவருக்குப் போன் செய்தேன். அவருடைய உரிமையாளர் புதிதாக வாங்கியிருந்த காரில் எங்கள் திரைதான் இருந்தது. எங்கே தொட்டால் எங்கே போகும் என்று ஐந்து படிகளையும் சொல்லிக்கொடுத்தேன். காலைச் சவாரி முடித்து வண்டியை ஷெட்டில் விடும்போது அவர் அதைப் போட்டுப் பார்த்தார், அன்றைக்கு அந்த வண்டிக்கு வேறு சவாரி இல்லை. அங்கிருந்தே கூப்பிட்டார்.

“தெளிவா இருக்குதுங்க மேடம். இப்பத்தானுங்க எனக்கும் மேப்பு மாதிரியே தெரியுது.”

அன்று முழுவதும் நான் ஆபீஸில் மிதந்துகொண்டிருந்தேன். இந்த வேலைக்கு வந்த பிறகு அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். குரல் அறிவிப்பைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போதுதான் வரும்.

மூன்று நாள் கழித்து எப்படிப் போகிறது என்று கேட்கக் கூப்பிட்டேன். எடுத்தவர் சாதாரணமாகத்தான் பேசினார்.

“மேடம், வண்டி பேசுச்சுங்க.”

திரையைப் போட்டுப் பார்த்த மறுநாள் காலையில் உரிமையாளரின் குடும்பத்தோடு கோயிலுக்குப் போவதாக இருந்திருக்கிறது. உரிமையாளர் முன் சீட்டில். பின்னால் அவர் மனைவி, மகள், இரண்டு பேரக்குழந்தைகள். இவர் வண்டியைக் கிளப்பினார். நான் எழுதிய வரியை அந்தப் பெண் குரல் காருக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது. யாருக்குக் குறைபாடு என்று உரிமையாளர் கேட்டார். இவர் புது வண்டியில் ஏதோ கோளாறு என்று சமாளித்திருக்கிறார். படித்த மகள், வண்டியை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் பார்க்கலாம் என்றாள். போட்டார். மறுபடியும் சொன்னது. கொஞ்சமும் குரல் மாறாமல், அதே மரியாதையோடு.

கோயிலுக்கு வேறு டிரைவர் ஓட்டிப் போனார். மத்தியானம் இவர் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

நான் அடுத்த நாளே லீவு போட்டுவிட்டு மலைக்குப் போனேன். இந்த முறை பஸ். எத்தனையாவது வளைவில் வாந்தி எடுத்தேன் என்று எண்ணவில்லை. உரிமையாளர் வீடு செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குக் கிட்டேதான். அறுபது வயதுக்காரர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, காபி போடச் சொன்னார். கத்துகிற ஆளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சட்டத்தைச் சொன்னேன். அவருடைய டிரைவர் எத்தனை வருடமாக ஒரு கீறல்கூட இல்லாமல் ஓட்டியிருக்கிறார் என்று சொன்னேன். நிறம் தெரியாததற்கும் வண்டி ஓட்டுவதற்கும் இந்த மலையில் ஒரு சம்பந்தமும் இல்லை, இங்கே சிக்னலே கிடையாது என்றேன். என் பிள்ளைகளை அவர் ஓட்டும் காரில் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவேன் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“ஏனுங்க அம்மிணி, நீங்க சொல்றதெல்லாம் சரிதானுங்க. பையன் தங்கமான பையன். எனக்கு அதுல சந்தேகமில்லீங்க” என்றார். காபி டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு மறுபடி கேட்டார். “அதுல ஒரு ஆபத்தும் இல்லீன்னா, எதுக்குங்க உங்க காரு அதைச் சத்தம் போட்டுச் சொல்லுது? பெல்ட் போடலீன்னா சொல்லுது, கதவு சாத்தலீன்னா சொல்லுது. ஆபத்து இருக்கறதைத்தானுங்க சொல்லுது?”

கூட்டத்தைச் சீக்கிரம் முடிக்க நான் சொன்ன யோசனை அது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். காபி நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னேன்.

பஸ் ஏற்றிவிட, வேலை போனவரே வந்திருந்தார். வராமல் இருந்திருக்கலாம். செம்மேட்டில் வண்டி வைத்திருக்கும் மற்ற இரண்டு பேரிடமும் கேட்டுப் பார்த்தாராம், விஷயம் அவருக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து அடிவாரத்தில் ஒரு கட்டட வேலைக்குப் போவதாகச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். பஸ் நிற்குமிடத்தில் அத்தனை பேர் மத்தியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“விடுங்க மேடம். நல்லதுக்குத்தான செஞ்சீங்க” என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இன்றும் நினைக்கிறேன். பஸ் டிரைவரிடம் போய் எனக்கு முன் சீட்டு கேட்டு வாங்கிக்கொடுத்தார், வயிற்றைப் புரட்டாமல் இருக்க.

ஒரு வரியை எடுப்பதற்கு ஏழு வாரம் ஆனது. எழுதுவதற்கு இரண்டு நாள்தான் ஆனது. ஏன் எடுக்க வேண்டும் என்று நான்கு கூட்டங்களில் விளக்கினேன். பாதிப்பு ஒரே ஒரு ஆளுக்குத்தானே என்றார் ஒருவர். நான் அவரை என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. அதோடு விடவில்லை. தனித் திரையே வேண்டாம், தடிமன் கோடும் ஏணிப்படிக் கோடும் எல்லாக் கார்களிலும் எல்லோருக்கும் அப்படியே வரட்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஐந்து படிகளும் வேண்டாம், பெயரும் வேண்டாம், அறிவிப்பும் வேண்டாம். சண்டை போடத் தெம்பில்லாதவள் போடும் சண்டைக்கு ஒரு வேகம் இருக்கிறது போலிருக்கிறது, கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். திரை மாறியது. நிறம் நன்றாகத் தெரிகிறவர்களில் ஒருவர்கூட அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அது போய்ச் சேர்ந்த அன்றே அவருக்குப் போன் செய்தேன். பின்னால் கலவை மெஷின் ஓடும் சத்தம். அவர் தள்ளிப் போய் நின்று பேசினார்.

“தம்பி, அந்தப் பேச்சை எடுத்தாச்சுங்க. இனிமே எந்த வண்டியும் அப்படிச் சொல்லாது. எதையும் போடவும் வேண்டாம், அமுக்கவும் வேண்டாம், தானா தெரியும். ஒருதரம் பாத்துட்டு எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க” என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது.

“ரொம்பச் சந்தோசமுங்க மேடம். பாக்கறேனுங்க” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எந்த வண்டியிலீங்க பாக்கறது?” என்று கேட்டார்.

குத்திக்காட்ட அவருக்குத் தெரியாது. நான் ஏதாவது வண்டியைச் சொல்வேன் என்று லைனிலேயே காத்திருந்தார்.